கிராமத்து ஐயருக்கு மற்ற ஆறு நாளும் என்ன வேலை?

தங்கை மகன் பொறியியல் முடித்துவிட்டு இறையியல் கல்லூரியில் சேரப் போவதாகவும், கிராமத்துச் சபைகளில்தான் ஊழியம் செய்வேன் என்று பிடிவாதமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். "ஞாயிறு ஒரு ஆராதனை, சரி. மற்ற ஆறு நாளும் கிராமத்துப் போதகருக்கு என்ன வேலை? அதில் குடும்பம் நடத்த முடியுமா? மிஷனரிகள் காலத்தில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று செய்ய நிறைய இருந்தது. இப்போது என்ன மிச்சம் இருக்கிறது?" என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஐயர் மகள், ஐயர் மனைவியும்கூட. அப்பா முப்பத்து நான்கு வருடம் ஊழியம் செய்தார், கணவர் முப்பத்தொரு வருடம். இரண்டு பேருக்குமே பெரும்பாலும் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமங்கள்தான் வாய்த்தன. அதனால் நான் சொல்வதெல்லாம் தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) அந்தப் பகுதிச் சபைகளைப் பற்றியது. லுத்தரன் சபைகளிலும் மற்ற மாவட்டங்களிலும் பெயர்கள் கொஞ்சம் மாறும். (வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: எங்கள் பக்கம் சபைக் குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் மனைவி ஐயரம்மா. தேவாலயத்தைக் கோயில் என்றே சொல்வோம். சாதிப் பெயரோடு அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஒரு ஐயருக்கு ஒரு கோயில் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். கிராமத்தில் அப்படி இல்லை. ஐந்து, எட்டு, சில இடங்களில் அதற்கு மேலும் ஊர்கள் சேர்ந்தது ஒரு சேகரம். ஒவ்வொரு ஊரிலும் சிறிதாகவோ பெரிதாகவோ ஒரு கோயில் இருக்கும். சேகரத்தின் தலைமை ஊரில் ஐயர் குடியிருப்பார். மற்ற ஊர்களுக்கு முறை வைத்துப் போவார். அப்பாவுக்கு முதலில் கிடைத்த சேகரத்தில் ஏழு ஊர்கள். இரண்டு ஊருக்குத் தேரி என்கிற செம்மணல் மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக முடியும். ஞாயிறு காலை ஆறரைக்கு ஒரு ஊரில் திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் ஆராதனை), ஒன்பதரைக்கு இன்னொரு ஊரில், மாலையில் மூன்றாவது ஊரில். வெறும் வயிற்றோடு கிளம்பி மத்தியானம் இரண்டு மணிக்குத் திரும்புவார். அங்கி போட்ட இடத்தில் சட்டை முழுக்க உப்புப் பூத்திருக்கும்.

ஐயர் வராத ஞாயிறுகளில் கோயில் பூட்டிக் கிடக்குமா என்றால், கிடக்காது. அங்கேதான் உபதேசியார் வருகிறார். இப்போது சபை ஊழியர் என்கிறார்கள், எனக்கு உபதேசியார் என்ற சொல்தான் வாயில் வருகிறது. குருப்பட்டம், அதாவது ஐயராகும் உரிமை, பெறாதவர். திருவிருந்து கொடுக்க முடியாது. ஆனால் அந்த ஊரிலேயே குடியிருப்பவர். காலையும் மாலையும் மணியடித்து ஜெபம் நடத்துவார், பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லுவார், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது முதலில் அவருக்குத்தான் தெரியும். பழைய நாட்களில் அவரே பள்ளிக்கூட வாத்தியாரும். ஓலைக் கூரை போட்ட ஒரே கட்டடம் பகலில் பள்ளிக்கூடமாகவும் மாலையில் கோயிலாகவும் இருந்தது. தேரிக்காட்டுப் பக்கத்தில் எழுத்தறிவு பரவியதில் இந்த ஓலைக் கூரைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. இதைச் சொல்லாமல் ஐயருடைய வேலையைப் பற்றிப் பேசவே முடியாது, ஏனென்றால் கிராமத்து ஊழியம் என்பது தொடக்கத்திலிருந்தே ஒருவர் சுமந்தது கிடையாது.

தொடக்கம் என்று சொன்னதால் கொஞ்சம் வரலாறு. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அங்கே குருப்பட்டம் பெற்ற முதல் தமிழர் ஆரோன், 1733 டிசம்பர் 28-ல். கடலூர்க்காரர். மாயவரம் பக்கத்துக் கிராமங்களில் நடந்து நடந்து ஊழியம் செய்து, 1745-ல் இறந்துபோனார். இந்தியரான முதல் புராட்டஸ்டன்ட் குருவானவரே ஒரு கிராமத்து ஐயர்தான் என்பது எனக்குப் பெருமையான விஷயம். திருநெல்வேலிப் பக்கம் சபை வேர்விட்டதற்குக் காரணம் ஒரு பெண். தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை, கோகிலா என்ற குளோரிந்தா. 1778-ல் பாளையங்கோட்டையில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-ல் அந்தச் சபையின் பெயர்ப் பட்டியலில் இருந்தவர்கள் நாற்பது பேர். 1785-ல் குளோரிந்தா முயற்சியில் கோயில் கட்டப்பட்டது. பாப்பாத்தியம்மாள் கோயில் என்று இன்றும் சொல்கிறார்கள். அந்தச் சபைக்கு அனுப்பப்பட்ட சத்தியநாதன் 1790-ல் குருப்பட்டம் பெற்றார்.

அதற்கப்புறம் சபை நகரத்தை விட்டு மணல்காட்டுக்குள் போனது. 1799-ல் முதலூர் உண்டாயிற்று. கிறிஸ்தவர்களான குடும்பங்களைச் சொந்த ஊரில் வாழவிடாதபோது, தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் முன்னின்று நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர் அது. முதல் ஊர் என்பதால் முதலூர். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் 1830-ல் தர்ம சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். சபையாரிடமே பணம் சேர்த்து, நிலச்சுவான்தார்கள் வெளியே தள்ளிய குடும்பங்களுக்கு இடம் வாங்கிக் கொடுப்பது அதன் வேலை. கவனியுங்கள், மனை வாங்குவதும் குடிவைப்பதும் அன்றைக்கே ஊழியத்துக்குள் அடக்கம். அதனால்தான் "பிரசங்கம் தவிர என்ன வேலை" என்ற கேள்வி எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குப் புரியவே புரியாது.

சரி, ஆறு நாள் கணக்குக்கு வருகிறேன்.

வீடு சந்திப்புதான் முதல் வேலை. மாலை நாலு மணிக்கு மேல் ஐயர் தெருவில் இறங்கிவிட வேண்டும். பகலில் போனால் வீட்டில் ஆள் இருக்காது. பனைத் தொழில் நடந்த காலத்தில் இதற்கும் ஒரு கணக்கு இருந்தது. பாளையை நாள் தவறாமல் சீவியாக வேண்டும், விட்டால் பதநீர் நின்றுவிடும். அதனால் பனையேறிக்கு ஞாயிறும் கிடையாது, திங்களும் கிடையாது. விடிவதற்கு முன் மரத்தடியில் இருப்பார், மறுபடி மாலையில் ஏறுவார். பெண்கள் பகல் முழுக்க அடுப்படியில் பதநீர் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். அந்த மாதங்களில் பத்து மணி ஆராதனை வைத்தால் ஆண்கள் யாரும் வர முடியாது என்று அப்பா ஒரே வருடத்தில் புரிந்துகொண்டார். பனைகள் நிற்கும் விளை ஓரத்தில் ஓலைக் குடிசைக்குப் பக்கத்திலேயே கால்மணி நேர ஜெபம் வைத்தார். கருப்பட்டி வேகிற வாசனையோடு சேர்ந்துதான் இன்றைக்கும் எனக்கு இருபத்து மூன்றாம் சங்கீதம் நினைவுக்கு வரும்.

ஒரு பெரியவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து, ஒன்பது வருடம் கட்டிலில் கிடந்தவர். மாதம் ஒரு தடவை அப்பா அவர் வீட்டுக்குத் திருவிருந்துப் பெட்டியோடு போவார். சின்ன மரப்பெட்டி, அதற்குள் ஒரு குட்டிக் கிண்ணம், தட்டு, வெள்ளைத் துணி. நானும் சில தடவை கூடப் போயிருக்கிறேன். முதல் சில மாதம் அப்பா வேதம் வாசித்து ஆறுதல் சொன்னபோது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். ஒருநாள் அவராகவே, "ஐயா, கெழக்கால நிக்குத மரம் பாளை விட்டுட்டா?" என்று கேட்டார். அப்பாவுக்குத் தெரியவில்லை. அடுத்த மாதத்திலிருந்து அப்பா சுற்றுவழியில் அவருடைய விளை வழியாகப் போய், ஒவ்வொரு மரமாகப் பார்த்துவிட்டுத்தான் அந்த வீட்டுக்குப் போவார். எந்த மரம் பாளை விட்டது, எது பட்டுப்போகிறது, யார் இப்போது ஏறுகிறார், கலயம் எத்தனை நிறைகிறது என்று வரிசையாகச் சொல்வார். அதைக் கேட்ட பிறகு அவரே கையைக் கூப்பி, "இப்ப ஜெபம் பண்ணுங்க ஐயா" என்பார். இதற்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. பேராயருக்கு எழுதும் அறிக்கையில் "நோயாளிகள் சந்திப்பு 14" என்று ஒரு எண் போவதோடு சரி. அந்த எண்ணுக்குள் அந்தப் பனைமரங்களெல்லாம் இருக்கின்றன. உங்கள் தங்கை மகன் செய்யப்போகிற வேலை என்ன என்று ஒரே வரியில் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

சாவு வீடு இன்னொரு பெரிய வேலை. ராத்திரி எந்நேரமானாலும் கோயில் மணி துக்கத்துக்கு அடிக்கிற மாதிரி அடித்தால் ஐயர் புறப்பட வேண்டும். வீட்டில் ஒரு ஜெபம், கோயிலில் அடக்க ஆராதனை, பிறகு கல்லறைத் தோட்டம். வெளியூரிலிருந்து மகன் வரவேண்டும் என்று ஒருநாள் முழுக்கக் காத்திருப்பார்கள். ஐயர் அங்கேயே திண்ணையில் இருப்பார். பேச வேண்டியதில்லை, இருந்தால் போதும். அண்ணன் தம்பி சண்டையில் பத்து வருடம் பேசாமல் இருந்தவர்கள் அந்த ஒரு நாளில்தான் ஒரே பந்தலுக்குள் வருவார்கள். அதைக் கவனித்து, நாற்பதாம் நாளுக்குள் இரண்டு பேரையும் ஒரு தடவை உட்காரவைத்துப் பேசுவது என் கணவருடைய வழக்கம். பாதி தடவை பலித்தது.

அப்புறம் பதிவேடுகள். ஞானஸ்நானப் பதிவேடு, விவாகப் பதிவேடு, அடக்கப் பதிவேடு என்று மூன்று. வெளியாட்களுக்கு இது குமாஸ்தா வேலை மாதிரித் தெரியும். கிராமத்தில் பிறப்புச் சான்றிதழ் என்ற பேச்சே இல்லாத நாட்களில், ஒருவருக்கு வயது என்ன என்று சொல்ல ஞானஸ்நானப் பதிவேடு ஒன்றுதான் இருந்தது. பள்ளியில் சேர, பட்டாளத்தில் சேர, ஓய்வூதியம் வாங்க எல்லாவற்றுக்கும் ஐயர் கையெழுத்துப் போட்ட அந்தச் சீட்டுதான். திருமணம் 1872-ஆம் வருடக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி நடப்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நகல் எழுதிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டில் பழைய பதிவேடுகளை ஒரு தகரப் பெட்டியில் வேப்பிலை போட்டு வைத்திருப்போம், கறையானுக்குப் பயந்து. இலங்கைக்கும் மலேயாவுக்கும் பிழைக்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் ஐம்பது வருடம் கழித்துத் தாத்தாவின் பெயரைத் தேடி வந்திருக்கிறார்கள். விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டே போய், பெயர் கிடைத்ததும் ஒரு அம்மா அந்தத் தாளை முத்தமிட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. அதற்கு முன் இரண்டு பேருடைய வயதையும் ஐயர் பார்க்க வேண்டும். ஒரு தடவை பெண்ணுக்குப் பதினெட்டு நிறையவில்லை என்று என் கணவர் ஓலை வாசிக்க மறுத்துவிட்டார். மண்டபம் பேசி, பத்திரிகை அடித்துவிட்டார்கள். சபையில் வசதியான குடும்பம். ஒரு வருடத்துக்கு மேல் அந்த வீட்டிலிருந்து ஒருவரும் கோயிலுக்கு வரவில்லை, எங்கள் வீட்டுக்கு வந்த பாலும் நின்றது. அந்தப் பெண் பிறகு ஆசிரியப் பயிற்சி முடித்தாள். அவள் திருமணத்தையும் அவரேதான் நடத்தி வைத்தார்.

பண்டிகைகளைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் நீட்டவில்லை. லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலம்) ஊர் ஊராகக் கூட்டம், பெரிய வெள்ளியன்று ஏழு வார்த்தை, கிறிஸ்துமஸ் மாதம் முழுக்க ராத்திரிக் கீதப் பவனி. அறுப்பின் பண்டிகையை மட்டும் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் பலனாக வாழைத்தார், முருங்கைக்காய், கருப்பட்டி, கோழி, ஆடு என்று கோயில் வாசலில் குவியும். அதை அப்படியே ஏலம் விடுவார்கள். பாட்டி ஒருத்தி கொண்டுவந்த ஒற்றை முட்டையை இளைஞர்கள் போட்டி போட்டு ஆயிரம் ரூபாய் வரை கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். அசனப் பண்டிகையன்று ஊர் முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சோறும் கறிக்குழம்பும் சாப்பிடும். பனையேறியும் பண்ணையாரும் பக்கத்துப் பக்கத்து இலையில் என்பது எளிய விஷயம் கிடையாது.

இந்த இடத்தில் கசப்பான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரே பந்தி என்று சொன்னேன். அந்தப் பந்திக்குள் வராத தெருக்களும் இருக்கின்றன. சபைக்குள் சாதி இருக்கக்கூடாது என்று பேராயர் டேனியல் வில்சன் 1833-லேயே சுற்றறிக்கை அனுப்பினார். அதனால் சில சபைகள் உடைந்தன, சாதி உடையவில்லை. தலித் கிறிஸ்தவர்களுக்கு இரட்டைச் சுமை. 1950-ஆம் வருட ஆணைப்படி கிறிஸ்தவரானவர்களுக்குப் பட்டியல் சாதிக்கான உரிமை இல்லை, சபைக்குள்ளோ சமமான இடமும் முழுதாகக் கிடைக்கவில்லை. என் கணவர் ஒரு சேகரத்தில் தலித் குடும்பங்கள் இருந்த தெற்குத் தெருவில் வாரம் ஒரு குடும்ப ஜெபம் வைத்து, அங்கேயே இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வருவார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. மூன்று மாதத்தில் சில வீடுகள் சபைக்குக் கொடுத்துவந்த சங்கக் காணிக்கை நின்றது. இப்படித்தான் கிராமத்தில் பதில் வரும், சத்தமில்லாமல். அவரும் சத்தமில்லாமல் தெற்குத் தெருவுக்குப் போய்க்கொண்டே இருந்தார். இரண்டாம் வருடக் கடைசியில் அந்தத் தெருவுப் பெண் ஒருத்தி கோயிலில் முதல்முறையாக வேதபாடம் வாசித்தாள். இதற்குத் துணிவில்லாதவர்கள் கிராமத்து ஊழியத்துக்கு வராமல் இருப்பது நல்லது என்று நினைக்கிறேன். கடுமையாகச் சொல்வதாகத் தோன்றினால் மன்னிக்கவும், இதில் எனக்கு வேறு கருத்து இல்லை.

மிஷனரிகளைப் பற்றிய உங்கள் கேள்வி. அவர்கள் செய்தது பெரிய காரியம், அதில் சந்தேகம் இல்லை. வேல்ஸ் நாட்டுக்காரரான ஜான் தாமஸ் ஐயர் மெஞ்ஞானபுரத்தில் 1870-ல் சாகும்வரை முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார். வெறும் மணல்மேடாக இருந்த இடத்தில் கிணறு தோண்டி, மரம் வைத்து, ஊரை உண்டாக்கினார். அங்கே பவுல் ஆலயக் கோபுரம் 192 அடி. நடந்து வருகிறவர்களுக்கு வெகு தூரத்திலிருந்தே கண்ணில் படும். கால்டுவெல் ஐயர் 1841-ல் இடையன்குடிக்கு வந்து, தெருக்களுக்கு நேர்க்கோடு போட்டு ஊரை அமைத்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியவர் என்றுதான் தமிழ்நாடு அவரை அறியும். எங்களுக்கு அவர் இடையன்குடி ஐயர். அவர் அங்கே கட்டிய கோயிலுக்கு 1847-ல் அடிக்கல் போட்டு 1880-ல்தான் பிரதிஷ்டை நடந்தது. 1891-ல் கொடைக்கானலில் இறந்தவரை இடையன்குடிக்குக் கொண்டுவந்து அந்தக் கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். ஆனால் அதே கால்டுவெல் 1849-ல் எழுதிய ஒரு சிறு நூலில், தாம் யாரோடு வாழ்ந்தாரோ அந்தப் பனையேறி மக்களைத் தாழ்வாகச் சித்திரித்தார். அவர்கள் படித்து மேலே வந்தபோது அதைக் கண்டித்துப் போராடினார்கள். பல வருடம் ஒரு ஊரில் இருந்து, அந்த மக்களுக்காக உழைத்து, அப்படியும் அவர்களைத் தப்பாகப் புரிந்துகொள்ள முடியும் என்பதை ஊழியத்துக்கு வருகிற ஒவ்வொரு பிள்ளையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று. மிஷனரிகளுக்குச் சிலையும் கல்வெட்டும் உண்டு. அவர்களுக்குக் கீழே ஒவ்வொரு ஊரிலும் மணியடித்து, ஜெபம் நடத்தி, காலரா காலத்தில் பிணம் தூக்கிய உபதேசியார்களுக்கும், நம் ஊர் ஐயர்களுக்கும் பெரும்பாலும் ஒரு கல்லறைக் கல்லோடு கதை முடிந்துவிடுகிறது. அசரியா பேராயரை எல்லோருக்கும் தெரியும். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானவர், 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியதில் முக்கியமானவர். அவர் 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். அப்பா தாமஸ் வேதநாயகம் அந்தக் கிராமத்து ஐயர். மகன் தோர்ணக்கல்லுக்குப் போய்த் தெலுங்குக் கிராமங்களில் ஊழியம் கட்டியபோது, கிராமத்து ஊழியர்களுக்கு மட்டுமல்ல, அவர்கள் மனைவிமாருக்கும் சேர்த்தே பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்தார். இதை ஒரு ஐயர் வீட்டுப் பிள்ளையால்தான் யோசிக்க முடியும் என்று எனக்குத் தோன்றும்.

ஏனென்றால் ஐயரம்மாவின் வேலையை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. பெண்கள் ஐக்கிய சங்கம், ஞாயிறு பள்ளி, பாடகர் குழு எல்லாம் அவர் தலையில்தான். ஐயர் இல்லாத நேரத்தில் வருகிறவர்களுக்குக் காப்பி கொடுத்து உட்காரவைத்து, அழுகிறவர்களின் அழுகையைக் கேட்டு, கேட்டதை அடுத்த தெருவுக்குக் கடத்தாமல் இருக்க வேண்டும். அடிபட்டு ராத்திரி ஓடிவந்த பெண்கள் எங்கள் வீட்டு அடுக்களையில் படுத்திருக்கிறார்கள். ஐயரிடம் சொல்ல முடியாததை அம்மாவிடம் சொன்னார்கள். அம்மாவுக்கு இதற்கெல்லாம் ஒரு பைசா சம்பளம் கிடையாது. பிறகு தென்னிந்தியத் திருச்சபையில் பெண்களுக்கும் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கினார்கள். இப்போது கிராமச் சேகரங்களிலும் பெண் ஐயர்களைப் பார்க்கிறேன். என் அம்மா இருந்திருந்தால் மிகவும் சந்தோஷப்பட்டிருப்பார்.

பணத்துக்கு வருவோம். அந்தக் காலத்தில் பெண்கள் சோறு பொங்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்துவைத்து ஞாயிறன்று கோயிலில் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஐயர், உபதேசியார் சம்பளத்துக்கு அந்த அரிசியும் உதவியது. இப்போது திருமண்டலத்திலிருந்து (ஒரு பேராயரின் கீழ் உள்ள சேகரங்கள் எல்லாம் சேர்ந்தது) மாதச் சம்பளம் வருகிறது, குடியிருக்க வீடு உண்டு. பட்டினி கிடக்க மாட்டான். ஆனால் கூடப் படித்தவர்கள் வாங்குகிற சம்பளத்தோடு ஒப்பிட்டால் மனம் சோர்ந்துவிடும், அதை இப்போதே அவனுக்குச் சொல்லிவிடுங்கள். சில வருடத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வரும். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பதற்குள் ஐந்து பள்ளிக்கூடம் மாறினேன். ஒவ்வொரு தடவையும் தோழிகளை விட்டு, வைத்த முருங்கையை விட்டுப் புறப்பட வேண்டும். ஓய்வு பெறும் நாளில் சொந்த வீடு இருக்காது. நாங்கள் கடைசி ஏழு வருடத்தில்தான் ஒரு சின்ன மனை வாங்கினோம். முதல் சம்பளத்திலிருந்தே கொஞ்சம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

திருமண்டலத் தேர்தல், சொத்துத் தகராறு, வழக்கு என்று செய்தியில் வருவதைப் பார்த்துத்தான் நீங்கள் பாதி பயந்திருப்பீர்கள். அது உண்மைதான். தேர்தல் நேரத்தில் ஐயரைத் தங்கள் பக்கம் இழுக்க இரண்டு அணியும் பார்க்கும். ஒரு அணிக்கு இணங்காததால் நாங்கள் பள்ளி ஆண்டு நடுவில் பெட்டி கட்டியதும் உண்டு. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை. இரண்டு அணிக்காரர்களுடைய அம்மா படுத்த படுக்கையில் கிடந்தபோதும் என் கணவர்தான் போனார் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இன்று செய்ய என்ன மிச்சம் என்று கேட்டீர்கள். பள்ளியையும் ஆஸ்பத்திரியையும் அரசு பார்த்துக்கொள்கிறது, சந்தோஷம். ஆனால் கிராமங்கள் வேறு மாதிரி ஆகிவிட்டன. பனையேற ஆள் இல்லை. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும். பெரிய கோயிலில் ஞாயிறன்று முப்பது நாற்பது தலை, அதில் பெரும்பாலும் நரைத்தவை. கிறிஸ்துமஸுக்கும் அசனத்துக்கும் மட்டும் ஊர் நிறைகிறது. மகன் துபாயிலிருந்து பணம் அனுப்புகிறான், மாத்திரை வாங்கிக் கொடுக்க ஆள் இல்லை. வங்கிப் படிவம் நிரப்ப, ஆதாரில் பெயர் திருத்த, கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஐயரைத்தான் தேடுகிறார்கள். ஒரு பக்கம் குடி குடும்பங்களை அழிக்கிறது. ஊர் விட்டு ஊர் வந்து செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் திரிகிறார்கள். மிச்சம் என்ன என்று கேட்டால், எனக்கு எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாக: திருமண்டலம் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும், தானாகப் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. மதுரை அரசரடியில் 1969-ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தமிழிலேயே படிக்கலாம். கிராமத்துக்குப் போகிறவனுக்கு அது நல்ல இடம் என்பது என் எண்ணம். முடித்ததும் முதலில் உதவி குரு, பிறகு குரு.

ஆனால் விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒன்று செய்யச் சொல்லுங்கள். மூன்று மாதம், கோடையையும் சேர்த்து, ஏதாவது ஒரு மணல்காட்டு ஊரில் சபை ஊழியர் வீட்டில் போய் இருக்கட்டும். பிரசங்கம் எதுவும் பண்ண வேண்டாம். காலையில் மணியடிக்கட்டும், மாலையில் அவர் பின்னாலேயே வீடு வீடாகப் போகட்டும், ஒரு அடக்கத்துக்கு நிற்கட்டும், ராத்திரி மின்சாரம் இல்லாமல் படுக்கட்டும். அதற்குப் பிறகும் போகிறேன் என்றால் நீங்கள் தடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு ஊழியர் சாத்தான்குளம் பக்கம் இருக்கிறார். வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறது, நான் சொன்னால் மறுக்கமாட்டார். ஏப்ரலுக்கு முன் சொல்லுங்கள்.